பாக்கியம் அக்கா கேட்ட ஒரே கை

அன்று காலை அறுவை அறையில் நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தலைமை அறுவை மருத்துவர் என்று பெயர். சின்ன வயதில் வகுப்பில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளைகளை வாத்தியார் இப்படித்தான் உட்கார வைப்பார். எனக்கு அதைச் செய்ய வாத்தியார் யாரும் இல்லை, நானே செய்துகொண்டேன்.

சிஸ்டர் லெட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர், கை குளிருதா? ஏர்கோன் கொறைக்கச் சொல்லவா?"

"இல்ல லெட்சுமி. கைய கட்டி வச்சிருக்கு."

"யாரு கட்டுனது?"

"அந்தா, மேசையில படுத்துருக்காங்களே, அவங்கதான்."

மேசையில் மயக்கத்தில் படுத்திருந்தவர் பாக்கியம் அக்கா. கோலா சாவா பக்கத்துத் தோட்டத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவர் உடம்புக்குள் போயிருந்த ரோபோ கருவிகளை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது டாக்டர் ஷமீமா. நான் பக்கத்து கன்சோலில் உட்கார்ந்து ஷமீமா பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது மட்டும்தான் எனக்கு அன்று கொடுக்கப்பட்ட வேலை.

அந்த வேலைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

இரும்பு மனிதன் கிடையாது

போன வாரம் இந்தப் பத்தியில் ரோபோ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். லுக்குட்டிலிருந்து ஒரு வாசகி உடனே கேட்டு எழுதியிருக்கிறார்: 'அம்மா, அந்த ரோபோவுக்குத் திடீரென்று கிறுக்குப் பிடித்தால் என்ன செய்வீர்கள்?'

தாயே, அதற்குக் கிறுக்குப் பிடிக்க மூளை வேண்டுமே! அது நான்கு கைகள் உள்ள ஒரு சாதனம், அவ்வளவுதான். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு அந்தக் கைகளை உள்ளே விடுவோம். மருத்துவர் சில அடி தள்ளி, கன்சோல் என்கிற மேசைக்குள் தலையை நுழைத்து உட்கார்ந்திருப்பார். அவர் விரலை அசைத்தால் கருவி அசையும். அவர் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

நான் செய்வது பெண்களின் இடுப்புக்குள் சரிந்து இறங்கிய உறுப்புகளைத் தூக்கி நிறுத்தும் வேலை. நம் பெண்கள் 'அடி இறங்கிடுச்சி' என்பார்கள். பல பிள்ளைகள் பெற்று, பாரம் தூக்கித் தூக்கி, உள்ளே தாங்கும் தசைகள் தளர்ந்து, உறுப்பு வெளியே வந்து நிற்கும். அதற்கு ஒரு மெல்லிய வலைத் துண்டை வைத்துத் தைத்து, அதன் மறுமுனையை முதுகெலும்பின் அடியில் இருக்கும் கெட்டியான நாரில் நிறுத்துவோம். துணிக்கொடி கட்டுவது போலத்தான். தொய்வாகக் கட்டினால் மறுபடி இறங்கும், இழுத்துக் கட்டினால் அந்தப் பெண்ணுக்கு வாழ்நாளெல்லாம் வலி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கருவி எதைத் தொட்டாலும் நம் விரலுக்கு ஒன்றும் தெரியாது. நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது, தசை எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் நூலை அறுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ரப்பர் கொட்டைப் பயிற்சி

என்னிடம் வருகிறவர்களை ஃபெல்லோ என்போம். ஏற்கெனவே பெண்கள் நோய்க்கான முழு மருத்துவர்கள் அவர்கள். இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் எங்கள் சிரம்பான் மருத்துவமனையில் இருப்பார்கள்.

வந்ததும் அவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு கிண்ணம் ரப்பர் மரக் கொட்டை. பயிற்சிக் கருவியால் அதை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். வழுவழுவென்ற அந்தக் கொட்டையைக் கொஞ்சம் அழுத்தினால் சுவருக்குப் பறக்கும், கொஞ்சம் விட்டால் நழுவி விழும். சாதனம் விற்க வந்த ஆள் இதைப் பார்த்து மூச்சடைத்துப் போனார். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் வளையங்களை நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஷமீமா ஒரே வாரத்தில் ஒரு கொட்டைகூடச் சிதறாமல் கிண்ணத்தை மாற்றினாள். அவளுக்கு முன்னால் யாரும் ஒரு மாதத்துக்குள் அதைச் செய்ததில்லை. நான் பாராட்டவில்லை. "சரி, நாளைக்கு எடது கையால" என்றேன். என் குணம் அப்படி.

அவளுடைய வாப்பா சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை எங்கள் மருத்துவப் பிரிவுக்குப் பிரியாணிச் சட்டி வரும். சட்டியோடு அவரும் வருவார், வந்தால் ஒரே கேள்வி: "டாக்டரம்மா, எங்க புள்ள தனியா ஒன்னு பண்ணிட்டாங்களா?"

ஷமீமா குறுக்கே விழுந்து, "பண்ணிகிட்டுத்தானே வாப்பா இருக்கேன்" என்பாள். நான் பிரியாணியில் கறியைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

ஏனென்றால் அவள் பண்ணவில்லை. பாதி பண்ணுவாள். மீதியை நான் பிடுங்கிக்கொள்வேன்.

எனக்கு வைத்த பெயர்

இரட்டை கன்சோலில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொடுதிரை இருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினால் ஃபெல்லோவின் கையில் இருக்கும் கருவி என் கைக்கு வந்துவிடும். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவர்கள் விரலை அசைப்பார்கள், ஒன்றும் அசையாது. அப்போதுதான் பிடுங்கிவிட்டேன் என்று அவர்களுக்கே தெரியும்.

ஊசி கொஞ்சம் சாய்ந்தால் தட்டுவேன். நேரமானால் தட்டுவேன். உண்மையைச் சொன்னால், ஊசி நன்றாகவே போய்க்கொண்டிருந்தாலும், நான் இன்னும் அழகாகப் போடுவேனே என்ற அரிப்பில் தட்டுவேன்.

ஃபெல்லோ பிள்ளைகள் எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கங்காணி! தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்காரர்களை மேய்த்து, மரத்துக்கு மரம் குறை சொல்லிக்கொண்டு வருவாரே, அந்தக் கங்காணி. லெட்சுமிதான் ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். கங்காணியின் குரல் கேட்டாலே எங்கள் வீட்டில் எல்லாரும் முகத்தைச் சுளிப்போம். போயும் போயும் அந்தப் பெயரா எனக்கு என்று இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அறுவை அறைக்குப் போய் வழக்கம் போலத் தட்டினேன்.

நின்றுகொண்டு பேசியவள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோட்டக் கோயில் மண்டபத்தில் முகாம் போடுவோம். ஃபெல்லோக்கள் கட்டாயம் வர வேண்டும். திரையில் மட்டுமே உடம்பைப் பார்த்தால் அந்த உடம்பு எதைச் சுமந்தது என்று தெரியாது.

கோலா சாவா முகாமில்தான் பாக்கியம் அக்கா வந்தார். என்ன செய்கிறது என்றால் "முட்டி வலி" என்றார்.

"உக்காருங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும் டாக்டரம்மா, பரவால்ல."

"உக்காந்தாத்தானே முட்டியப் பாக்க முடியும்."

"இப்பத்தான் மோட்டோவுல உக்காந்துட்டு வந்தேன். நிக்கிறேன் லா."

மூன்றாவது முறை நான் சொன்னபோது என் குரல் ஏறிவிட்டது. வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, மருந்து மட்டும் கொடுங்கள் போய்விடுகிறேன் என்றார்.

பக்கத்தில் இருந்த ஷமீமா தன் நாற்காலியை விட்டு எழுந்தாள். அக்காவின் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். "எனக்கும் காலையிலேர்ந்து உக்காந்து உக்காந்து முதுகு போச்சுக்கா. நின்னுகிட்டே பேசுவோமா?" என்றாள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மண்டபத்துக்கு வெளியே பார்த்தபடி செம்பனைப் பழத்தின் விலையைப் பற்றியும், ரந்தாவ் பாசாரில் மீன் கிடைப்பதைப் பற்றியும் பேசினார்கள். பிறகு அக்காவின் குரல் தணிந்தது. ஷமீமா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

பல வருடமாக உறுப்பு வெளியே வந்து நிற்கிறது. கர்ப்பப்பையை எடுத்த பிறகும் இறங்கிவிட்டது. உட்கார்ந்தால் அதன் மேலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். பழைய சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியிருக்கிறார். கல்யாண வீடு, கருமாதி வீடு எதிலும் உட்காரமாட்டார். திமிர் பிடித்தவள், உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடமாட்டாள் என்று லயத்து வரிசை வீடுகளே பேசியிருக்கின்றன.

எனக்கு வெட்கமாக இருந்தது. தோட்டத்தில் பிறந்த நான் நாற்காலியைக் காட்டி அதட்டிக்கொண்டிருந்தேன். டவுனில் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் வளர்ந்த பெண்ணுக்கு எழுந்து நிற்கத் தெரிந்திருக்கிறது.

மம்பாவ் வழியாக

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். மம்பாவைத் தாண்டியதும் ஷமீமா பேச ஆரம்பித்தாள்.

"டாக்டர், இன்னும் மூனு வாரத்துல நான் போயிடுவேன்."

"தெரியும்."

"கிழக்குக் கரையில நான் போற ஆஸ்பத்திரியில புது மெசின் வந்துருச்சு. ஓட்ட நான் ஒருத்திதான். எனக்குப் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

"அதனாலதானே இவ்வளவு கத்துக் குடுத்துருக்கேன்."

"ரெண்டு வருசத்துல ஒரு கேஸ்கூட முதல் தையல்லேர்ந்து கடைசித் தையல் வரைக்கும் நான் போட்டதில்ல டாக்டர். எனக்கு வருமா வராதான்னு எனக்கே தெரியாது. அங்க போயித்தான் தெரிஞ்சிக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. நோயாளியின் பாதுகாப்பு, பொறுப்பு, அனுபவம் என்று சிரம்பான் வரும்வரை பிரசங்கம் செய்தேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது "தேங்க்ஸ் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுதும் அந்த மரியாதைதான் என்னை அறுத்தது.

யாரு கையி?

அடுத்த வாரம் பாக்கியம் அக்கா சம்மதக் கையெழுத்துப் போட வந்தார். ஷமீமாவும் லெட்சுமியும் கூட இருக்க, படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள போறது மெசின் கையி. அத ஆட்டுறது யாரு கையி?"

"நாங்கதான்கா."

"நாங்கன்னா?"

"நானும் டாக்டர் ஷமீமாவும். மாத்தி மாத்திச் செய்வோம்."

அக்கா கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது மட்டும் வேணாம் டாக்டரம்மா. நானும் மொதல்ல பால் வெட்டுனவதான். ஒரு தடவ காய்ச்சல்ல படுத்துட்டேன். என் நெரையில இருந்த மரத்தையெல்லாம் ஒரு வாரத்துக்கு ரெண்டு பேரு மாத்தி மாத்தி வெட்டுனாங்க. ரெண்டு பேருமே நல்லா வெட்டுறவங்கதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தி வெட்டு சாய்ஞ்சி இருக்கும், இன்னொருத்தி வெட்டு நிமுந்து இருக்கும். பால் கோட்டுல எறங்காம பட்டையில வழிஞ்சி, மரமெல்லாம் பாழு. அத சரிக்கட்ட எனக்கு எத்தனையோ மாசம் ஆச்சி. யாராச்சும் ஒருத்தரு செய்ங்க."

எனக்கு இது புதிதில்லை. ஒருவர் நிரையை இன்னொருவர் தொட்டால் என் அம்மாவுக்கும் ஆகாது. ஆனால் என் கன்சோலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவில்லை.

"சரிக்கா, ஒருத்தரே செய்யுறோம். யாரு செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். சொன்னபோது லேசாக நிமிர்ந்தும் உட்கார்ந்தேன். தோட்டத்துப் பிள்ளை, தலைநரைத்த டாக்டர், சுவரெல்லாம் சான்றிதழ். வேறு யாரைச் சொல்லப் போகிறார்?

அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டினார். "இந்தப் பொண்ணு செய்யட்டும்."

ஷமீமா பதறிவிட்டாள். "அக்கா, நான் இன்னும் தனியா ஒன்னுகூட முழுசாப் பண்ணதில்ல. உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

"நீ மறைக்க மாட்டன்னுதான் சொல்றேன். நீ செய்யி. டாக்டரம்மா பக்கத்துல இருக்கட்டும். உசுருக்கு ஆபத்துன்னா அவங்க கை வரட்டும். மத்தபடி வேணாம்."

ஆபத்து என்றால் நான் வருவேன் என்பதை இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிக்கொண்டேன். அக்கா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. லெட்சுமி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரை சிவந்தபோது

இப்படித்தான் என் கைகள் தொடைக்கடியில் போயின.

ஷமீமா அவசரப்படவில்லை. மூத்திரப்பையை மெல்லப் பிரித்து விலக்கினாள். வலையின் கீழ்ப்பகுதியை முன்னும் பின்னும் தைத்தாள். என்னைவிட நிதானமான தையல். அந்த இடத்தில் நான் மூன்று முறை தட்டியிருப்பேன், ஒவ்வொரு முறையும் தப்பாகத்தான் தட்டியிருப்பேன். அவள் நின்றுவிட்டாள் என்று நான் நினைத்த நேரத்திலெல்லாம் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்து முடித்ததும் சரியான இடத்துக்குத்தான் போனாள். இதை இரண்டு வருடமாக நான் பார்க்கவே இல்லை.

பிறகு அந்த முதுகெலும்பு நாருக்கு வந்தாள். இந்த வேலையிலேயே பயமான இடம் அதுதான். நாரை ஒட்டி மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடும். கிழிந்தால் சட்டென்று நிற்காது.

ஊசி நாருக்குள் போனது. அடுத்த நொடி ஓரத்தில் ரத்தம் கசிந்து, திரை சிவந்தது.

என் வலது கை எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை. விரல் தொடுதிரைக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. இது ஆபத்தா, என் அரிப்பா?

ஷமீமாவின் குரல்தான் வந்தது. "நான் அழுத்திப் புடிச்சிருக்கேன். காஸ் துணி ஒன்னு உள்ள குடுங்க. சிஸ்டர், மணி பாருங்க. அஞ்சு நிமிசம் யாரும் எதையும் அசைக்க வேணாம்."

மயக்க மருத்துவர் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். ஷமீமா தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "டாக்டர், நீங்க வரணும்னா நானே கூப்புடுறேன். நெசமா கூப்புடுவேன்."

கூப்பிடுவாள். சம்மத மேசையில் தனக்கு எதிராகவே உண்மையைச் சொன்னவள், இங்கே மறைப்பாளா? நான் கையை எடுத்து மறுபடி தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. லெட்சுமி நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிச் சொன்னார். அழுத்திய கருவி இம்மியும் அசையவில்லை. நேரம் முடிந்ததும் ஷமீமா காஸ் துணியை மெதுவாக, மிக மெதுவாகத் தூக்கினாள். கசிவு நின்றிருந்தது. கொஞ்சம் காத்திருந்து மறுபடி பார்த்தாள். நின்றேதான் இருந்தது.

ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். வலையை இழுத்தாள், போதும் என்ற இடத்தில் நிறுத்தினாள். முடிச்சுகள், மேலே மூடும் தையல், கடைசி நூலை வெட்டும் வெட்டு, எல்லாம் ஒரே கை.

நான் எழுந்து கைதட்டப் பார்த்தேன். இரண்டு கையும் மரத்துப்போய் எனக்கு உரியதாகவே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன் என்றும் சொல்லலாம். முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அறைக்கு வெளியே ஷமீமா போனில் பேசுவது கேட்டது. "வாப்பா, பண்ணிட்டேன்." அவ்வளவுதான். மறுநாள் வந்த பிரியாணிச் சட்டி எங்கள் பிரிவு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

மறுநாள் மாலை வார்டுக்குப் போனேன். பாக்கியம் அக்கா நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். படுக்கச் சொன்னாலும் கேட்கவில்லை என்று தாதி புகார் சொன்னார். "இருக்கட்டும், ஆசை தீர உட்காரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஷமீமாவின் கடைசி நாள்

இரண்டு வாரம் கழித்து அக்கா மறுபரிசோதனைக்கு வந்தார். அன்று ஷமீமாவுக்கு எங்களிடம் கடைசி நாள். அக்காவின் மகன் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். மரவள்ளிக் கிழங்கு நிரம்பிய பிளாஸ்டிக் பை ஒன்று அக்காவின் காலடியில் இருந்தது.

நான் தற்செயலாக அங்கே வருவது போல வந்தேன். நன்றி சொல்வார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் மனசுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. இந்த வயதில் இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"வாங்கக்கா. எப்படி இருக்கீங்க?"

"செனாங்கா, சுகமா இருக்கேன் டாக்டரம்மா. என் டாக்டரு எங்க?"

"ஷமீமாவா? உள்ள இருக்காங்க."

"நல்லதாப் போச்சி. இத கொஞ்சம் புடிங்க" என்று காலடியில் இருந்த பையைக் காட்டினார். "கெழங்கு அவங்களுக்கு. எனக்குக் கனம் தூக்கக் கூடாதுன்னு என் டாக்டரு சொல்லிருக்காங்க."

பையைத் தூக்கினேன். நல்ல கனம். அக்கா இரண்டு கையையும் வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எந்த அறை என்று தெரியாமல் முனையில் ஒரு கணம் நின்றார்.

"நேராப் போங்கக்கா, கடைசிக் கதவு" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தேன்.